ஒரு விசிறி சுற்றினால் போதுமா?

தங்கை மகன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி வந்தான். "ஃபேன் ஓடுது மாமா, சத்தம் கேக்குதே" என்றான். சத்தம் மட்டும் போதாது என்பது என் கட்சி.

அந்த வண்டியில் எஞ்சின் பின்னால். ரேடியேட்டர் முன்பக்கம் இரண்டு மூலையிலும். ஒவ்வொன்றுக்கும் தனி விசிறி. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னேன். இரண்டும் மெதுவாகச் சுற்ற வேண்டும். வலப்பக்கம் சுற்றியது, இடப்பக்கம் அசையவே இல்லை. மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் போயிருந்தது.

நெடுஞ்சாலையில் எதிர்காற்றே குளிர்விக்கும், குறை தெரியாது. சிக்னலில் நிற்கும்போதுதான் முள் ஏறும். சின்ன ரெசிஸ்டரை அலட்சியம் செய்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

சித்திரை வெயிலுக்கு முன் உங்கள் வீட்டு வண்டியையும் பார்த்துவிடுங்கள். கையை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். விசிறி திடீரென்று சுற்றும்.