வியர்க்காத பிள்ளைக்குத் தண்ணீர்தான் வியர்வை

போன இதழில் வியர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவச் சொல்லி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "எல்லோருக்கும் வியர்க்கிறதே என்று கவலை. என் பையனுக்கு ஒன்றரை வயசு, ஒரு பொட்டு வியர்வை பார்த்ததில்லை. நான் என்ன செய்வேன்?" என்று கேட்கிறார். வெயில் வந்தால் காய்ச்சலாம். தலையில் பூனை முடி. பல் ஒன்றுகூட வரவில்லையாம்.

கடிதத்தைப் பார்த்து நோயைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் வேலூரில் எங்கள் தெருவிலேயே இப்படி ஒரு பையனைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். முடி வரவில்லையா? "குலதெய்வத்துக்கு மொட்டை போடு, அடர்த்தியா வளரும்." பல் வரவில்லையா? "லேட்டா முளைச்சா கெட்டியா இருக்கும்." உடம்பு கொதிக்கிறதா? "பல்லு முளைக்கிற காய்ச்சல்தான், சரியாப் போயிடும்." தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிசாகத் தெரியாது. மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தால்தான் விழித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையனுக்கு மூன்று மொட்டை போட்டார்கள். இரண்டு வயசுக்கு மேல் எட்டிப் பார்த்த இரண்டு பல்லும் ஊசி மாதிரி கூராக இருந்தன. அதைப் பார்த்த பல் டாக்டர்தான் சந்தேகப்பட்டு, தோல் டாக்டரிடம் அனுப்பினார்.

ஹைப்போஹைட்ரோட்டிக் எக்டோடெர்மல் டிஸ்பிளேஸியா என்று பெயர் சொன்னார்கள். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் புரியும். ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம் மூன்றும் செய்கிறோம். மாவில் உப்புப் போட விட்டுப்போனால் மூன்றும் சப்பென்றுதான் இருக்கும். கருவில் வியர்வைச் சுரப்பி, முடி, பல் எல்லாமே மேல்தோல் அடுக்கிலிருந்துதான் உருவாகத் தொடங்குகின்றன. அதற்கு உத்தரவு கொடுக்கும் ஒரு புரதம் சரியாக இல்லாததால் மூன்றும் குறைகின்றன. பிள்ளையின் அறிவுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

பல் இல்லாததை ஊர் பார்க்கும். உயிருக்கு ஆபத்தானதோ கண்ணுக்குத் தெரியாத வியர்வைக் குறைவுதான். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் உடம்போ எவர்சில்வர் குடம். வெயிலில் வைத்தால் சூடேறிக்கொண்டே போகும். "கம்பளி போத்து, வியர்த்து இறங்கிடும்" என்ற வைத்தியம் இங்கே விபரீதம். வெயில் சூட்டுக்குப் பாரசிட்டமாலும் கேட்காது. துணியைத் தளர்த்தி, நிழலில் படுக்க வைத்து, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறுங்கள். தெளிவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். பிள்ளை துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, சூடு இறங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான். கிருமியால் வரும் காய்ச்சலும் இவர்களுக்கு வரும். அதனால் எல்லாம் வெயில் சூடுதான் என்று நாமே தீர்மானிக்கக் கூடாது.

இனி, அந்த அம்மா பட்ட பாட்டுக்கு வருகிறேன். "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படிக் கிடையாது. இது உன் பொறந்த வீட்டுச் சீதனம்!" என்று மாமியார் வாய் ஓயாமல் சொன்னார். சிந்து மாகாணத்தில் ஓர் இந்துக் குடும்பத்தில் நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு இப்படிப் பல்லும் முடியும் குறைந்து, வெயிலில் அவதிப்பட்டதை சார்லஸ் டார்வின் 1875-லேயே எழுதியிருக்கிறார். பெண்களுக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு வந்தது. காரணம் 1996-ல் பிடிபட்டது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் பழுது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். ஒன்றிரண்டு பல் குறைவதோடு சிலருக்குப் போய்விடும். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து. பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில பிள்ளைகளுக்கு, தாயிடம் இல்லாமலே புதிதாகவும் பழுது வரும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்றும் இந்த வகையைச் சொல்ல முடியாது. வேறு அபூர்வ வகை ஒன்றில்தான் அது சேர்ந்துகொள்ளும். தன் உடம்பில் எந்த எக்ஸைக் கொடுப்பது என்று எந்தத் தாய் பொறுக்கி எடுத்தாள்? அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் டாக்டரிடம் கணவன் மனைவி இருவரும் போய்க் கேட்கலாம். ஏச்சு எதற்கு?

ஜெர்மனியில் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், இந்தக் குறையுள்ள இரட்டைக் குழந்தைகளுக்குக் கருவிலேயே, பனிக்குட நீரில் அந்தப் புரதத்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். பிறந்த பின் அந்தப் பிள்ளைகளுக்கு வியர்த்தது! 2018-ல் அந்தச் செய்தி வெளியானது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் ஏற்கெனவே பிறந்து வளரும் நம் பிள்ளைக்கு மருந்து தண்ணீர்தான்.

எங்கள் தெருப் பையன் பனியனை நனைத்துப் போட்டு, மேலே சட்டை போட்டுப் பள்ளிக்குப் போகிறான். பையில் துணிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்று. முதலில் ஆசிரியை, "வகுப்பிலே தண்ணி விளையாட்டா?" என்று பிடுங்கி வைத்தார். டாக்டர் கடிதம் கொண்டுபோய்க் காட்டியதும் மின்விசிறிக்குக் கீழேயே இடம் கொடுத்தார். நாலு வயசிலேயே சின்னப் பல் செட் கட்டினார்கள். தாடை வளர வளர மாற்றுகிறார்கள். முறுக்குக் கடிக்கிறான், 'ச' சுத்தமாக வருகிறது. வளர்ச்சி நின்ற பிறகு நிலையான பல் வைக்கலாமாம். கண் வறண்டால் சொட்டு மருந்து, மூக்கில் பொருக்குக் கட்டினால் உப்பு நீர்ச் சொட்டு, இரண்டும் டாக்டர் சொன்னபடி.

சாயங்காலம் கிரிக்கெட் ஆடும்போது ஓவருக்கு ஓவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறான். கூட்டாளிகளே சொம்பு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் பொடியன்களுக்கு இருக்கிற புத்தி பெரியவர்களான நமக்கும் வர வேண்டும், சகோதரிகளே!