தன் கையே தனக்குதவி: கொட்டிலில் நிற்கும் பழைய கார்



எமது பகுதியில் சில வீடுகளின் கொட்டிலுக்குள் இன்றும் ஒரு பழைய கார் நிற்கிறது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று பெயர்கள் வேறுபட்டாலும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். கணவரோ தந்தையோ வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைப் பார்த்த கார் அது. ஓட்டியவர் இன்று உயிருடன் இல்லை, அல்லது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கார் மட்டும் நிற்கிறது. "எஞ்சின் முடிஞ்சுது தங்கச்சி, இனி இரும்பு விலைதான்" என்று யாரோ ஒருவர் சொன்னதை நம்பி அதனை விற்றுவிட்ட பெண்களை என் களப்பணியில் சந்தித்திருக்கிறேன். அவற்றில் சில கார்கள் மறுமாதமே வீதியில் ஓடுவதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

காரை வைத்திருப்பதும் விற்பதும் உங்கள் முடிவு. ஆனால் அது ஏன் ஓடவில்லை என்பதை அறிந்தபின் எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் பெறுமதி எவ்வளவு உயர்ந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

"எஞ்சின் ஆம்பிளையளின்ர வேலை" என்பது எமக்குச் சிறுவயதிலிருந்து ஊட்டப்பட்ட எண்ணம். சமூகவியலில் இதனைப் பால்நிலை சார்ந்த வேலைப்பிரிப்பு என்பார்கள். அது இயற்கை வகுத்தது அல்ல, பழக்கம் வகுத்தது. தையல் மெசினின் சத்தம் மாறினால் ஊசியா, நூலா, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். எஞ்சினின் பிழை பார்ப்பதும் இதே வேலைதான்.

உலகில் முதன்முதலாக மோட்டார் காரில் நெடுந்தூரம் பயணம் செய்தவரும் ஒரு பெண்ணே. 1888 ஆகஸ்ட்டில் ஜேர்மனியின் பேர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரில், அவருக்குத் தெரியாமல் இரண்டு பிள்ளைகளுடன் மான்ஹைம் நகரிலிருந்து ப்போர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிறேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிப்பித்தார். அன்று வழியில் கராச் எதுவும் இருக்கவில்லை.

எமது மண்ணிலும் இத்தகைய அறிவு இருந்தது. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது இந்தப் பழைய கார்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, அது சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, எஞ்சினின் சூடு வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அவை அதனைத் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், உள்ளே கரியும் படியும். ஆகவே அந்த வழி இன்று வேண்டாம்.

இனி விடயத்திற்கு வருவோம்.

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்

காற்று, பெற்றோல், தீப்பொறி. அடுப்பு எரிவதற்கும் ஏறக்குறைய இவைதான் வேண்டும். கார் தொடங்கவில்லை என்றால் இம்மூன்றில் எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் பற்றரி. ஸ்ராட்டரை இயக்கும்போது சத்தமே இல்லை, அல்லது "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, விளக்கும் மங்குகிறது என்றால் எஞ்சினில் பிழை என்று எண்ண வேண்டாம். பற்றரி இறங்கியிருக்கும், அல்லது அதன் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் பூத்திருக்கும். வல்வெட்டித்துறை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் இது விரைவில் வரும். வயரைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் அப்பச்சோடா கரைத்துத் துடைத்து, உலர்ந்தபின் பூட்டி வாசலீன் பூசுங்கள். அந்த நீர் பற்றரிக்குள் போகக்கூடாது. கழற்றும்போது காரின் உடலோடு இணைந்த வயரை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் செய்யுங்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் பெரும்பாலும் பற்றரியின் கூட்டல் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். புதிய பற்றரி போடும்போது இதனை மறக்க வேண்டாம்.

இரண்டாவது தீப்பொறி. எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரியாக இருந்தால் பெற்றோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஒயில் மேலேறி எரிகிறது. வெளிறிய வெள்ளையாக இருந்தால் அதிக சூடு. இந்தக் கார்களில் பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர், டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள பொயின்ற்றின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். நெடுநாள் நின்ற காரில் பொயின்ற்றின் முகம் பூஞ்சணம் பிடித்தது போல் மங்கியிருக்கும். மெல்லிய அரத்தாள் போதும். இந்தச் சிறு பிழைக்காகவே பல கார்கள் "முடிஞ்சுது" என்று சொல்லப்படுகின்றன.

மூன்றாவது பெற்றோல். பல மாதங்கள் தாங்கியில் கிடந்த பெற்றோல் வார்னிஷ் போல் மணக்கும், எரியாது. அதனை வடித்து அகற்றுங்கள். மொறிஸ் மைனரில் மின்சார பம் உள்ளதால், திறப்பைத் திருப்பியதும் "டிக் டிக்" என்று சில தடவை அடித்து நிற்க வேண்டும். அடிக்கவே இல்லை என்றால் பம்முக்கு மின் வரவில்லை, அல்லது பம்மில் பிழை. நிற்காமல் அடித்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

புகையும் ஒயிலும் சொல்லும் செய்தி

கார் ஓடும்போது கறுத்த புகை வந்தால் பெற்றோல் மிகுதியாக எரிகிறது. சோக் இழுபட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்புகை இயல்பானது. சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

சமதரையில், எஞ்சின் ஆறியபின், ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினைத் தொடக்க வேண்டாம். இதுதான் உண்மையில் செலவு வைக்கும் பிழை.

ரேடியேற்றருக்குக் கிணற்று நீர் ஊற்றுவது எமது வழக்கம். எமது நிலம் சுண்ணக்கல் நிலம். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றருக்குள்ளும் படிந்து குழாய்களை அடைக்கும். சுத்தமாகப் பிடித்த மழைநீர் அதைவிட நல்லது. பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். பான் பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வேலை தொடங்குமுன் காப்பு, மோதிரம், சங்கிலி என்பவற்றைக் கழற்றுங்கள். பற்றரியில் பட்டால் கணத்தில் பழுக்கச் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். தாவணி, சேலைத் தலைப்பு, பின்னல் என்பன ஓடும் காற்றாடியில் சிக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்க வேண்டாம். பூட்டிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட விடவேண்டாம், அப்புகையில் உள்ள நஞ்சுக்கு மணமில்லை. ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் கீழே படுக்கவே கூடாது. பிறேக், ஸ்ரியறிங் இரண்டையும் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். நெடுநாள் நின்ற காரை அவர் அவற்றைப் பார்க்குமுன் வீதிக்கு எடுக்க வேண்டாம்.

கராச்சுக்குப் போகும்போது

ஒரு கொப்பியில் திகதி, நீங்கள் கண்டது, செய்தது, செலவு என்பவற்றை எழுதுங்கள். "கார் ஓடேல்லை, பாருங்கோ அண்ணா" என்று சொல்வதற்கும், "பற்றரி சரி, பெற்றோல் வருது, மூண்டாவது பிளக் மட்டும் கரியாய் இருக்கு" என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னதைச் சொல்லும் பெண்ணிடம் தேவையற்ற பாகத்தை மாற்றியதாகக் கணக்குச் சொல்வது கடினம். வேலைக்கு முன் விலை கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபிக்கமாட்டார். எமது ஊர்களில் அத்தகையவர்கள் பலர் உள்ளனர்.

இவ்வளவும் பார்த்தபின்னும் விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் விற்றுவிடுங்கள். அதில் குறைவொன்றுமில்லை. அவர் தொட்ட பொருள் என்பதற்காகப் பழுதடைய விட்டு வைத்திருப்பதும், அதைப் பார்க்க மனம் தாங்கவில்லை என்று கிடைத்த விலைக்குக் கொடுப்பதும் இரண்டும் துயரத்தினால் எடுக்கும் முடிவுகள். ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, பொனற்றைத் திறந்து, பற்றரியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளையும், ஆணாயினும் பெண்ணாயினும், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் கிணற்றடியில் நிற்கும் தண்ணீர் மோட்டரைப் பற்றிப் பார்ப்போம்.