பச்சிலைதானே, என்ன செய்யும்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்த நாளிலிருந்து என் கல்லீரல் ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு மாமி பிடித்துக்கொண்டாள். "கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடிடா, எல்லாம் கரைஞ்சுடும்." அது மஞ்சள்காமாலைக்கு இல்லையோ மாமி என்றால், "ரெண்டும் ஈரல்தானே!" என்கிறாள். சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் 'லான்செட்'டில் கீழாநெல்லியைப் பற்றி எழுதியது ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களை வைத்து. அந்தப் பலன்கூடப் பின்னால் மற்றவர்கள் செய்துபார்த்தபோது கிடைக்கவில்லை. கொழுப்பு அதில் எங்கே வந்தது? கேட்டால், நாலெழுத்துப் படித்த திமிராம் எனக்கு.

சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் சீந்தில் பொடி. கோவிட் காலத்தில் சீந்தில் சாப்பிட்டு ஈரல் அழற்சியோடு வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள்; ஆயுஷ் அமைச்சகம் உடனே மறுத்தது. மஞ்சள் மாத்திரை இன்னொரு கூத்து. குழம்பில் போடுகிற மஞ்சள் பாவம், யாரையும் ஒன்றும் செய்வதில்லை. மிளகுச்சத்தைச் சேர்த்து ரத்தத்தில் ஏறுகிறமாதிரி செய்த மாத்திரையால் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பச்சிலையானாலும் மாத்திரையானாலும் அதைப் பக்குவப்படுத்துவது அதே ஈரல்தானே? சுமக்க முடியாதவன் தலையில் இன்னொரு மூட்டையா?

டாக்டர் எந்த மருந்தும் எழுதவில்லை. எடையில் 100-க்கு 7 முதல் 10 வரை குறையுங்கள், வீக்கம் தணியும் என்றார். 82 கிலோ ஆளுக்குச் சுமார் 6 முதல் 8 கிலோ. சர்க்கரையும் பொரித்ததும் கூடாது, சோறு பாதி, தினம் நடை. சர்க்கரை போடாத கட்டன் காப்பி மட்டும் தாராளமாகக் குடிக்கலாமாம்.

இதற்குத்தான் யாரும் விடமாட்டேன் என்கிறார்கள். விடியற்காலையில் கஷாய டம்ளரை நீட்டும் அதே கை மத்தியானம் சோற்றை மலையாகக் குவிக்கிறது. போதும் என்று இலையை மறைத்தால், "கைக்குத்தல் அரிசிதானே, உடம்புக்கு நல்லது!" சாயங்காலம் நடக்கக் கிளம்பினால் தெருவெல்லாம் தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் வறுபடும் வாசனை. வீடு திரும்பினால் மரச்சீனிக் கிழங்கு வெந்து காத்திருக்கும். கிழங்கு பலகாரத்தில் சேர்த்தியில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். "அத்திம்பேர், ஆன்லைன்ல வரவழைச்சேன், சுத்த மூலிகை, சைடு எஃபெக்டே கிடையாது" என்று ஒரு பாட்டிலை மேஜைமேல் வைத்தான். பக்கத்திலேயே அரைக் கிலோ சர்க்கரை உப்பேரிப் பொட்டலம். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதாம்.