கஞ்சியையும் சஹனையும் கணக்கில் எடுக்கும் உணவு அறிவுரை வேண்டும்

கல்முனைக் கரையோரத்தில் இயங்கும் எமது சுகாதாரத் தொண்டர் அமைப்பின் நிலைப்பாடு

இலங்கையில் நிர்வாக மாவட்டங்கள் 25. சுகாதார அமைச்சின் கணக்கில் மட்டும் 26. அந்த இருபத்தாறாவது கல்முனைதான். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்கென்று தனிப் பிராந்திய சுகாதாரப் பணிமனையே இங்கு இருக்கிறது. நோய்க் கணக்குக்குத் தனி இடம் உள்ள கல்முனைக்கு உணவு அறிவுரையிலும் ஒரு தனி இடம் வேண்டும் என்று கேட்கிறோம்.

சுகாதாரச் சுவரொட்டியில் வரும் சாப்பாட்டுத் தட்டு ஒருவருக்கானது. எங்கள் கலியாணத்திலும் கந்தூரியிலும் ஐந்தாறு பேர் சஹன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்காருகிறோம். அதில் அரைப் பங்கு மரக்கறி, கால் பங்கு சோறு என்று யார் கோடு கிழிப்பது? "வீட்டுத்தோட்டம் போடுங்கள்" என்பதும் அப்படித்தான். சுனாமிக்குப் பின் மாடிக் குடியிருப்புக்குப் போனவர்களும், சாய்ந்தமருதில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்பவர்களும் மரவள்ளியை எங்கே நடுவார்கள்?

எமது முதல் கோரிக்கை நோன்புக் கஞ்சி பற்றியது. ரமழானில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வளவில் கிடாரம் இறங்கும். அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சி, இஞ்சி, உள்ளி, ரம்பை எல்லாம் கலந்த மணம் தெருமுனை வரை வரும். கேத்தலோடும் வாளியோடும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஏழை, பணக்காரர் பாராமல் மாதம் முழுக்க ஊருக்கே உணவு கொடுக்கும் இப்படியோர் ஏற்பாடு எந்தத் திணைக்களத்திடமும் இல்லை. இதை ஒரு போசாக்குத் திட்டமாகவே சுகாதாரத் துறை நடத்த வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையலிடத்துத் துப்புரவைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கிடாரத்துக்குள் என்ன போகிறது என்றும் பேச வேண்டும். பயறும் முருங்கையிலையும் சேரலாம். உப்பைக் குறைக்கலாம், வளர்ந்தவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சிவப்பரிசி போட்டால் கஞ்சி குழையாது என்று சமையற்காரர் முகம் சுழிப்பார். பாதிக்குப் பாதி கலந்து ஒரு நாள் காய்ச்சிப் பார்க்கட்டும்.

சீனி வருத்தக்காரர் விடயம் இன்னும் அவசரமானது. ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு, சர்பத்தும் ரோல்ஸும் சம்சாவுமாக நோன்பு திறக்கிறார்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் தாங்களாகவே மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவு–ரமழான் கூட்டணியும் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டல், நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வைத்தியரைக் காணச் சொல்கிறது. இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறது. விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியாது என்றும் சொல்கிறது. ஆனால் நோன்பு முறியாது என்பதை வைத்தியர் சொன்னால் மட்டும் எம்மூரில் போதாது. ஜம்இய்யதுல் உலமாவின் பிரதேசக் கிளைகள் ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாத ஜும்ஆக்களில் அதைச் சொல்ல வேண்டும். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மார்க்கம் தந்திருக்கும் சலுகையையும் சேர்த்தே சொல்லட்டும்.

ஓர் இனத்துக்கென்று தனி அறிவுரை எழுதினால் பிரிவினை வளரும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பயம் இந்த மண்ணில் சும்மா வந்ததல்ல. அதனால்தான் நாம் கேட்பது முஸ்லிம்களுக்கான கையேடு அல்ல, இந்தக் கரைக்கான கையேடு. பாண்டிருப்பில் திரௌபதி அம்மன் தீமிதிப்புக்கு விரதம் இருப்பவருக்கும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பவருக்கும் இதே சீனி வருத்தம் உண்டு, இதே மாத்திரைதான். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கும் காரைதீவு வீட்டிடமிருந்து நிந்தவூர் வீடு கீரைச் சுண்டலைக் கற்கலாம். அந்தச் சுண்டல் சஹனில் இறைச்சிக்குச் சமமாக ஏறட்டும். ஓரத்தில் ஒரு கரண்டி அச்சாறு வைப்பதை மரக்கறி என்று சொல்ல முடியாது.

அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக் கிளினிக்கிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கிலும் நோயாளியின் கையில் ஒரே கையேடு இருக்க வேண்டும். ரஜப் மாதம் முடிவதற்குள் அது அச்சாக வேண்டும். அதை எழுதும் குழுவில் வைத்தியரோடும் குடும்பநல உத்தியோகத்தரோடும் கஞ்சி காய்ச்சும் ஒருவருக்கும் கதிரை போடுங்கள்.