பள்ளிக்கு ஆகாத கூரை!

“தீயணைப்பு வண்டி வந்தது, தீ தானாகவே அணைந்திருந்தது!”

குடிசை எரிந்த ஊரிலெல்லாம், தோழரே, இந்தக் கேலி எழுந்தே தீரும். திண்ணையில் சாய்ந்திருப்பவர் சொல்வார்; தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவர் தலையாட்டுவார். எரிந்த கூரைக்குக் காரணம் கண்டாகிவிட்டது — காக்கி உடுத்தவன்!

கேட்கிறேன்: சித்திரை வெயிலில் காய்ந்து சருகான கீற்று, பற்றிக்கொண்ட பிறகு எத்தனை நிமிடம் நிற்கும்? உத்திரமேரூரிலிருந்து ஒரு வண்டி, குறுகிய சாலையில், பரப்பிக் கிடக்கும் நெல்லைக் கடந்து, கிராமத்தின் கடைக்கோடியை எட்டுமுன் கூரை தரையில் கிடக்கும். எட்டினாலும் சந்து இடம் கொடுக்குமா? தெருமுனையில் வண்டி நிற்க, குழாயைத் தோளில் சுமந்து ஓடுகிறான் வீரன். உள்ளே எரிவாயு உருளை எந்த மூலையில்? அறியான். மேலே தொங்கும் கம்பியில் மின்சாரம் நின்றதா? உறுதியாகத் தெரியுமுன் நீரைப் பீய்ச்சினால் அவன் உயிருக்கே உலை! தொட்டியில் உள்ளதோ சில ஆயிரம் லிட்டர். பீய்ச்சத் தொடங்கினால் நிமிடங்களில் தீரும். பிறகு ஏரி, குளம், கிணறு என்று ஓட வேண்டும். வைரமேகத் தடாகம் கண்ட ஊர்தான், ஏரி வாரியம் அமைத்த ஊர்தான். கோடையில் சேறு குழாயை அடைக்குமே!

இதற்கிடையே பொறி தாவாதிருக்க, எரியாத அண்டைக் கூரையையும் துரட்டியால் பிரித்தெறிய வேண்டும். பிரிப்பவனை அந்த வீட்டுத் தாய் சபிப்பாள். அவளைக் குறைகூற எனக்கு நா எழவில்லை.

உயிரைத் துச்சமென எண்ணுபவனையா ஏசுகிறீர்? 2020 தீபாவளியன்று மதுரையில், எரிந்த துணிக்கடைக் கட்டடம் இடிந்து இரு வீரர்கள் மாண்டனரே, மறந்தீரா?

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றி 94 பிஞ்சுகள் கருகின. நாடு அழுதது, அரசு ஆணையிட்டது — பள்ளிகளில் இனிக் கீற்று கூடாது! நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பகலில் குழந்தையின் தலைக்கு மேல் ஆகாத கீற்று, இரவில், அதே குழந்தை உறங்கும்போது, எப்படி ஆகும்?

2010-இல் 21 லட்சம் குடிசைகளை ஆறாண்டில் காங்கிரீட் வீடுகளாக்குவோம் என்றனர். 2011-இல் ஆட்சி மாறியது. வேறு திட்டம் வந்தது. 2024-இல் மறுபடி ஓர் அறிவிப்பு: 2030-க்குள் 8 லட்சம் வீடுகள்! தருவது மெத்தச் சரி. யாருக்கு? சொந்த மனை உள்ளவருக்கு!

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடியாட்சிக்குச் சான்றெனப் போற்றுகிறோம். பராந்தகன் காலத்து அந்தக் கல்லும் இதையேதான் கேட்டது. சொந்த மனையில் வீடில்லாதவன் பெயர் குடத்தில் விழாது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் உருண்டோடின. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு அன்று ஓலை இல்லை. இன்று ஓலையைத் தவிர வேறில்லை!

கேலி பேசும் நண்பர்களே, தீயணைப்பு நிலையத்தின் வாசலில் நின்று ஏன் கூவுகிறீர்? வட்டாட்சியர் அலுவலகம் வாருங்கள். எரிந்த குடிசைக்குப் பட்டா எங்கே என்று அங்கே கேட்போம்.