ஐ7 சரி... எந்த ஐ7? (ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறவங்களுக்கு)

எங்க லைட்ஹவுஸ் குப்பத்துல ஒருத்தர் ஃபைபர் போட்டுக்கு எஞ்சின் வாங்கப் போனா கூட நாலு பேர் போவாங்க. எத்தனை ஹெச்பி, எந்தக் கம்பெனி, புதுசா ரீகண்டிஷனா, ஸ்பேர் எங்க கிடைக்கும்னு கேட்டு கடைக்காரரை ஒரு வழி பண்ணிட்டுத்தான் பணத்தை வெளிய எடுப்பாங்க. "எஞ்சின் இருக்கு, நல்லா ஓடும்"னு மட்டும் சொல்லி யாரும் எங்க ஆளுங்க கிட்ட ஒண்ணும் வித்துட முடியாது.

அப்பேர்ப்பட்ட வீட்லதான் 2025-ல 27,500 ரூபாய்க்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினாங்க. வீடு என் சித்தப்பா வீடு. பணம் சித்தி சீட்டு கட்டி எடுத்த பணம். (காரணம் "படிப்புக்கு". சித்தி நம்பினாங்களான்னு எனக்குத் தெரியாது.) தம்பி ஆன்லைன்ல பார்த்த விளம்பரம் இதுதான்: ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கண்ணாடி கேபினட், கலர் கலரா எரியற மூணு ஃபேன்.

பார்சல் வந்துச்சு. ஃபேன் எல்லாம் எரிஞ்சுது, தெருப் பசங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. ராத்திரி வாலரன்ட் போட்டா விஏஎன் 9001-னு ஒரு எரர். "அண்ணா, கொஞ்சம் வந்து பாரேன்"னு போன்.

போய்ப் பார்த்தேன். ஐ7 இருந்துச்சு, பொய்யில்ல. ஆனா அது ஐ7-2600, இன்டெல் 2011-ல விட்டது. ரேம் 16 ஜிபி இருந்துச்சு, டிடிஆர்3. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730, 2014-ல வந்தது, 2021-க்கு அப்புறம் புது கேமுக்கான டிரைவர் அதுக்கு வர்றதில்ல. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாவது தலைமுறை பிராசசராவது வேணும், டிபிஎம் 2.0 வேணும். இது இரண்டாவது தலைமுறை. எப்படியோ குறுக்கு வழியில அதுல விண்டோஸ் 11-ஐ ஏத்தி அனுப்பியிருக்காங்க, புதுசு மாதிரி தெரியணும்னு. விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இல்லன்னா வாலரன்ட் உள்ளயே விடாது. விண்டோஸ் 10 போட்டா ஓடும், அப்படித்தான் கடைசியில ஓட வச்சேன். ஆனா மைக்ரோசாஃப்ட் அதுக்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திடுச்சு.

வித்தவங்களுக்குப் போன் போட்டோம். "விளம்பரத்துல சொன்னதுல எது சார் உள்ள இல்ல?"னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா ஒண்ணுகூட இல்லாம இல்ல! அதுதான் வயித்தெரிச்சல்.

காமர்ஸ் படிக்கிற புத்தியில ஒரு கணக்கு போட்டேன். கம்ப்யூட்டருக்கு வருஷம் 40% தேய்மானம்னு வருமான வரிப் பாடத்துல படிச்சிருக்கோம் இல்லையா? 2011-ல 15,000 ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்கினதா வச்சு 14 வருஷம் அந்த 40% போட்டா புத்தக மதிப்பு 12 ரூபாய்கூடத் தேறல. ஆபீஸ்கள்ல கழிச்சுக் கட்டின மெஷினோட சாமான் இது. பழசை விக்கிறது தப்பே இல்ல, பழசுன்னு சொல்லி விக்கணும். கடல்ல அடிபட்ட எஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சு வித்தா எங்க ஊர்ல பஞ்சாயத்து கூடியிருக்கும்.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான். கம்ப்யூட்டரையும் எஞ்சின் மாதிரியே வாங்குங்க, முழுப் பேரைக் கேளுங்க. ஐ5, ஐ7, ரைசன் இதெல்லாம் குடும்பப் பேரு, பின்னாடி வர்ற நம்பர்லதான் வயசு இருக்கு. கிராபிக்ஸ் கார்டுல இன்னும் மோசம், ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3050-ன்னு 2022-ல வந்தது 8 ஜிபி. 2024-ல அதே பேர்ல 6 ஜிபி ஒண்ணு விட்டாங்க, அதுல மெமரி மட்டுமில்ல, உள்ள இருக்கிற கோர்களும் கம்மி. ஜிடி 1030-லயும் இதே கதைதான். "4 ஜிபி கார்டு"ங்கிறது போட்ல ஐஸ் பெட்டி எவ்வளவு பெருசுன்னு சொல்ற மாதிரி. பெட்டி பெருசா இருந்தா போட் வேகமா போயிடுமா என்ன?

விளம்பரத்துல பேரே வராத ஒரு சாமான் உண்டு, பவர் சப்ளை. எனக்குக் கேட்டா முதல்ல பார்க்க வேண்டியதே அதைத்தான். தம்பி மெஷின்ல 450 வாட்னு பெருசா ஸ்டிக்கர். பக்கத்துல பொடி எழுத்துல 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்கினா 216. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்லதான் ஓடுது, ஆக நமக்கு உதவறது அந்த 216 வாட்தான். ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டே 132 வாட் கேட்கும். இதுல கரண்ட் ஏறி இறங்கற ஊர் எங்களுது. 80 பிளஸ் முத்திரையும் தெரிஞ்ச கம்பெனிப் பேரும் இல்லாத பவர் சப்ளையை இங்க கொண்டு வந்து மாட்டறது, ஓட்டைப் போட்ல புது வலையை ஏத்தற வேலை.

ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். எங்க வீட்ல ஜன்னல் கம்பி, பூட்டு, சைக்கிள் எதுவுமே துருப்பிடிக்காம இருக்காது. மூணு ஃபேன் ராத்திரி பகலா இழுக்கிற காத்துல உப்பும் சேர்ந்துதான் உள்ள போகுது. தம்பி மெஷின் வந்து நாலு மாசத்துல பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் செம்மண் கலர். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் செய்யக் கூடியது: தரையில வைக்காதீங்க, காத்து போற வாய்க்கு வலை ஃபில்டர் இருக்கற கேபினட்டா பாருங்க, வாரக்கணக்கா போடாம வைக்காதீங்க. அப்புறம் அந்த மூணாவது பின்னுக்கு நிஜமாவே எர்த் வந்திருக்கான்னு ஒரு தடவை எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்க.

இந்த ஊர்க் கணக்குல இன்னொண்ணும் உண்டு. இன்டெல்ல நம்பருக்குப் பின்னாடி எஃப்-னு இருந்தா (12100எஃப் மாதிரி) உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை கம்மின்னு எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. கார்டு ரிப்பேருக்குப் போச்சுன்னா அது திரும்பி வர்ற வரைக்கும் மெஷின் வெறும் டப்பா. கடை பக்கத்துல இருக்கிறவங்க சமாளிச்சுக்கலாம். பாலம் தாண்டி பழவேற்காடு, அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ், அப்புறம் சென்ட்ரலுக்கு ரயில்னு போறவன் எஃப் இல்லாததை வாங்கறது நல்லது. கையில பணம் ரொம்பக் கம்மின்னா ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே சுமாரான கிராபிக்ஸ் உள்ளதோட ஆரம்பிச்சு, கார்டை பின்னாடி சேர்த்துக்கலாம். ஆனா ரேம் 16 ஜிபி ஒரே குச்சியா வாங்காதீங்க, 8 ஜிபி ரெண்டா கேளுங்க. தனி கார்டு இல்லாதப்ப கிராபிக்ஸ் அந்த ரேமையேதான் உபயோகிக்கும். டிடிஆர்4 3200-ல ஒரு குச்சின்னா விநாடிக்கு 25.6 ஜிபி, ரெண்டுன்னா 51.2. விளையாடும்போது தெரியற வித்தியாசம் இது.

"இதுக்குத்தான் ரெடிமேட் வாங்காதே, தனித்தனியா வாங்கி நீயே மாட்டு"ன்னு கிளாஸ்ல ஒரு கோஷ்டி சொல்லும். நான் ஒத்துக்க மாட்டேன். ஏழு கடையில ஏழு சாமான் வாங்கி, எது கெட்டதுன்னு தெரியாம ஏழு பேர் கிட்டயும் அலையறதுக்கு எங்க சித்தப்பாவால முடியாது. ஒரே ஆள், ஒரே பில், கெட்டா ஒருத்தர் சட்டையைப் பிடிக்கலாம். எங்கள மாதிரி பஸ் ரூட்டோட கடைசியில இருக்கிறவங்களுக்கு ரெடிமேட்தான் சரி. 2025 கடைசியில இருந்து ஏஐ சர்வர்களுக்கே மெமரி எல்லாம் போயி ரேம் விலை வேற எகிறிடுச்சு. பழைய விலையில வாங்கின சரக்கை வச்சு மாட்டின ரெடிமேட் மெஷின், தனியா வாங்கறதை விட மலிவா அமையவும் வாய்ப்பு இருக்கு.

ஆனா பில்லுல ஒவ்வொரு சாமானும் முழுப் பேரோட, சீரியல் நம்பரோட வரணும். "கேமிங் பிசி – 1"னு ஒத்தை வரியில எழுதின பில்லை வச்சுக்கிட்டு எந்தக் கம்பெனி வாசல்ல போய் வாரன்டி கேட்கிறது? "பில் இல்லாம எடுத்துக்கோ தம்பி, ஜிஎஸ்டி 18% மிச்சம்"னு வேற சொல்வாங்க. வியாபாரம் பண்றவனா இருந்தா அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கலாம், நம்மால முடியாது, அதனால ஆசையா இருக்கும். அந்த 18%-தான் உங்க வாரன்டின்னு நினைச்சுக்குங்க.

தம்பி மெஷின்ல எஸ்எஸ்டியைத் தவிர எதுவும் தேறாது. மறுபடி சீட்டு எடுத்திருக்காங்க, இந்தத் தடவை சித்தப்பா பேர்ல. அடுத்த ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவுல எப்ப விடறாங்களோ அன்னிக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது, அதனால அவரும் ரிச்சி தெருவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். பவர் சப்ளை ஸ்டிக்கர்ல எங்க பார்க்கணும்னு தம்பி அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கான்.