விடாத பிரேக்

பிரேக் பிடிக்காத வாகனத்துக்கு அஞ்சாதவர் எவருமில்லை. பிடித்த பிரேக் விடாமற் போவதோ பலருக்கும் ஓர் ஆபத்தாகவே தோன்றுவதில்லை. நமக்கும் சென்ற மாதம் வரை தோன்றியதில்லை.

நம்மிடமுள்ள கார் 18 ஆண்டுகள் ஓடியது. பின்சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உள்ளது. 2023 டிசம்பரில் தூத்துக்குடியைச் சூழ்ந்த வெள்ளத்தில் அதுவும் அரைச் சக்கர ஆழத்தில் நின்றது. நீர் வடிந்ததும் என்ஜினைச் சோதித்தோம், உள்விரிப்பை உலர்த்தினோம். சக்கரங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்று நினைக்கவேயில்லை.

சென்ற மாதம் ஓர் இரவு, பேறுகால வலி கண்ட பெண்ணொருத்தியையும் அவள் தாயாரையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் வண்டி பாரம் இழுப்பதுபோல் திணறியது. கருகல் நாற்றம் எழுந்தது. இறங்கிப் பார்த்தால், இடது பின்சக்கரத்தை நெருங்கவே முடியாதபடி அனல். "தண்ணி ஊத்தட்டுமா சாமி?" என்று தாயார் பாட்டிலைத் திறந்தார். தடுத்துவிட்டோம். கொதிக்கும் இரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் டிஸ்க் கோணிவிடக்கூடும். தானாக ஆற விடுவதே முறை. அவ்வழி வந்த வேனொன்று அவர்களை ஏற்றிச் சென்றது. விடியுமுன் சுகப்பிரசவம் என்ற செய்தி வந்த பிறகே நமக்கு மூச்சு வந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்டதை வாசகருக்கும் சொல்லுகிறோம். டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடுகளைத் தாங்கி நிற்பது காலிப்பர். நாம் மிதிக்கும்போது பிரேக் ஆயில் அதனுள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் அதைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது! பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சற்றே நெளிந்து, பின் தன் நிலைக்குத் திரும்புகையில், மயிரிழையளவு அதையும் உடன் இழுக்கிறது. அவ்வளவுதான். இத்தனை பெரிய வண்டி அந்தச் சிறு நெளிவை நம்பி ஓடுகிறது. துரு ஏறினால் அந்த மயிரிழை போதாது. நம் வண்டியைப் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக்கின் நெம்புகோலும் பின் காலிப்பரிலேயே இருப்பதால், நீர் புக இன்னொரு வழியும் உண்டு.

மெக்கானிக் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றினார். அப்போது சக்கரம் சுழன்றிருந்தால் பழுது கேபிளில். சுழலவில்லை. ஆயில் வெளியேறும் திருகைத் தளர்த்தினார். அதனால் விடுபட்டிருந்தால், உள்ளே வீங்கிய ரப்பர் குழாய் ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறது என்று பொருள். அதற்கும் அசையவில்லை. ஆக, காலிப்பரே இறுகியிருந்தது. நெம்புகோலின் அச்சு முழுதும் துரு.

"ஒண்ணுமில்ல சாமி, இந்தச் சக்கரத்துக்குப் போற பைப்பை அடைச்சிடலாம். மத்த மூணுலயும் பிரேக் இருக்குல்ல?" என்றார் அவர். செலவைக் குறைக்கும் நல்லெண்ணந்தான். ஆயின் ஒரு புறம் பிடித்து மறுபுறம் பிடிக்காத வண்டி, ஈரச் சாலையில் அழுத்தி மிதித்ததும் பக்கவாட்டில் இழுபடும். அதில் எந்தத் தாயை ஏற்றுவது? "வேண்டாம் தம்பி, புதிதே போடுங்கள்" என்றோம்.

புதுப் பேடுகளைச் சேர்ப்பதற்காக வலப்புறக் காலிப்பரின் பிஸ்டனையும் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. உதவிக்கு நின்ற பையன் கிளாம்பை வைத்து அழுத்தப் போனான்; அவர் அதட்டினார். இவ்வகைப் பின் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே செலுத்த வேண்டும். வெறுமனே அழுத்தினால் உள்ளிருக்கும் அமைப்பு உடையும். காலிப்பர் நகரும் பின்களுக்குச் சாதாரண கிரீஸும் ஆகாது. அது ரப்பரை ஊதச் செய்யும். பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் வேண்டும்.

பழைய ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் மிதி தரைவரை போகும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். கடற்கரை ஊர்களில் உள்ளோர் இதை ஒத்திப்போட வேண்டாம்.

ஹேண்ட் பிரேக்கைத் தொடாமலே கியரில் நிறுத்தும் வழக்கம் நமக்கு இருந்தது. பயன்படாத நெம்புகோல்தான் முதலில் துருப்பிடிக்கிறதாம். மாறாக, வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவோர் அதை இழுத்துவிட்டுப் போகாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே நன்று.

இப்போது ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்க்கிறோம். சென்ற வாரம் வலது பின்சக்கரம் மற்றதைவிடச் சற்றே அதிகமாகச் சுட்டது. திங்கட்கிழமை மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறோம்.